சைக்கிள் கொட்டில்: கல்லூரி வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

கல்லூரி வரலாறு எழுதுவோர் அதிபர்களின் சேவைக் காலத்தை வைத்து அதனைப் பிரிப்பது வழக்கம். இன்ன அதிபர் காலத்தில் இன்ன மண்டபம், இன்ன அதிபர் காலத்தில் விஞ்ஞான ஆய்வுகூடம், பின்னர் மாடிக் கட்டடம் என்று அது போகும். எமது சங்கம் வெளியிட்ட மலர்களும் அப்படித்தான். அவற்றைப் புரட்டினால் விடுதி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, விடுதிக் கிணறு கூட ஒரு படத்தின் மூலையில் தலைகாட்டுகிறது. சைக்கிள் கொட்டில் மட்டும் இல்லை. சில தூண்களும் ஒரு தகரக் கூரையும் கொண்ட அதற்கு அடிக்கல் நாட்டினவரும் இல்லை, நாடா வெட்டினவரும் இல்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் இக்கல்லூரியில் யார் யார் படித்தார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்து படித்தார்கள் என்பதை வேறெந்தக் கட்டடத்தையும் விட அந்தக் கொட்டில்தான் கூடுதலாகத் தீர்மானித்தது என்பது என் எண்ணம். சங்கத்தின் நூற்றாண்டு மலரிலாவது அதற்குச் சில பக்கங்கள் கிடைக்க வேண்டும்.

இன்று நாம் காணும் சைக்கிளின் அமைப்பு 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி செய்த ‘ரோவர்’ வண்டியோடு வந்தது. அதற்கு முன்னர் ஓடியது முன்சில்லு ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரு வண்டி. பாவாடை உடுத்தவர் அதில் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ரோவரில் இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு. உழக்கும் விசை செயின் வழியாகப் பின்சில்லுக்குப் போனது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். குலுக்கல் குறைந்தது. குறுக்கே ‘பார்’ இல்லாத, தாழ்ந்து வளைந்த பிறேம் உடைய பெண்கள் சைக்கிளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. செயினை மூடும் உறையும், பின்சில்லின் இருபுறமும் கட்டும் நூல்வலையும் அக்காலத்து நீண்ட பாவாடைகளுக்காக ஏற்பட்டவை. பிற்காலத்தில் எங்கள் ஆசிரியைமார் சேலையோடு சைக்கிளில் வந்திறங்கினார்கள் என்றால் அந்த உறைக்கும் வலைக்கும் அதில் பங்குண்டு.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய அமெரிக்கரான சூசன் பி. அந்தனி, பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும் விடச் சைக்கிள் கூடுதலாகச் செய்திருக்கிறது என்ற கருத்தை 1896 இல் ஒரு பத்திரிகைச் செவ்வியில் சொன்னார். அது கொஞ்சம் மிகை என்று நினைக்கலாம். ஆனால் எங்கள் ஊரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிந்தி, அது பெரிய மிகையாக இருக்கவில்லை.

அந்த எண்பது ஆண்டுகளில் பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? அயலில் இருந்தவர்கள் நடந்து வந்தார்கள். வசதியுள்ள வீடுகளில் திரை கட்டிய மாட்டு வண்டில் இருந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பாதையோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரயில் உதவியது. தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி. விடுதிக்குக் காசு வேண்டும். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது வகுப்புக் கட்டணம் நீங்கியதே தவிர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள ஐந்தாறு மைல் நீங்கவில்லை. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இ.போ.ச. வந்தது. பஸ் பிரதான வீதியில் போகும். பிள்ளையின் வீடு ஒழுங்கைக்குள் ஒரு மைல் உள்ளே இருக்கும். ‘சோமசெற்’ கார் ஒன்றை மாத வாடகைக்குப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்து அனுப்பிய பெற்றோரும் உண்டு. அப்படி வந்த அக்காமார் இன்றும் அந்தக் காரின் இரைச்சலைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் சைக்கிள் இருக்கத்தான் செய்தது. றலி, ஹம்பர், றட்ஜ் என்று இங்கிலாந்துச் சைக்கிள்கள் முற்றங்களில் நின்றன. ஆனால் அவை அப்பாவின் சைக்கிள், அண்ணாவின் சைக்கிள். குமர்ப்பிள்ளை சைக்கிள் ஓடுவதைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருக்கவில்லை. வைத்தியர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஓடினார்கள், ஊர் பார்த்தது, ஊர் கதைத்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் படித்த மூத்த பழைய மாணவியரோடு கதைத்தபோது அநேகமாக எல்லோரும் இதே விதமாகத்தான் சொன்னார்கள். “சைக்கிள் பழகினது அண்ணாவின்ரை பாருக்குக் கீழாலை காலை விட்டு, வேலிக்குள்ளை மட்டும்” என்றார் ஒருவர். வேலிக்கு வெளியே போகும் உரிமை அவருடைய மகளுக்குக் கிடைத்தது.

அது எழுபதுகளில் நடந்தது. ஒரு நாளில் நடந்த மாற்றம் அல்ல, ஒரு காரணத்தால் நடந்ததும் அல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பெண் பிள்ளைகள் கூடினார்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடிபட வேண்டியிருந்தது. அதனால் கல்லூரி விட்ட பின் ரியூசன், அது முடிய இன்னொரு ரியூசன். இரண்டு ரியூசனுக்கும் பஸ் பிடித்துப் போய் வர முடியாது. 1974 இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. அங்கே பெண்கள் சைக்கிளில் போவதை ஊர் தினமும் கண்டது. கண்டு பழகிய கண் பிறகு கதைக்கவில்லை. கல்வி என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் மற்ற விடயங்களில் விட்டுக்கொடுப்பார்கள் என்பது எங்கள் சமூகத்தின் ஒரு குணம். அதை நல்லதென்பதா கெட்டதென்பதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை, 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. மிளகாயும் வெங்காயமும் செய்த வீடுகளில் கையில் காசு இருந்தது, கடையில் சாமான் இல்லை. புதிய லேடீஸ் சைக்கிள் அருமை. ஆகவே முதலில் கொட்டிலுக்கு வந்தவை பழைய சைக்கிள்கள்: மாமாவுடையதை நிறம் அடித்தது, பாரை வெட்டிக் கீழே ஒட்டியது, மூன்று வண்டியின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியது. 1977 இற்குப் பின் சந்தை திறந்தது. இந்திய ‘ஹீரோ’வும் பிறவும் வந்தன, பின்னர் உள்நாட்டு ‘லுமாலா’ வந்து பெண்கள் சைக்கிள் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் காலை ஏழு மணிக்குப் பலாலி வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகப் போவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கல்லூரி வாசலில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மாணவத் தலைவி ஒருவர் நின்று பார்ப்பார்.

குடாநாடு சமதரை. மேடு பள்ளம் இல்லாதபடியால் கியர் இல்லாத சைக்கிளே போதும். எங்களுக்கு மலை இல்லை, காற்று இருந்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். கோப்பாய்ப் பக்கத்திலிருந்து நகருக்கு வரும் பிள்ளைக்குக் காலையில் எதிர்க்காற்று, பின்னேரம் முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். அப்போது அதே பிள்ளைக்கு வீடு திரும்புவது பெரும்பாடு. எதிர்க்காற்றில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, முன்னால் உழக்குபவரை மாற்றிக்கொள்ளும் வித்தையைச் சைக்கிள் ஓட்டப் பந்தயக்காரர் செய்வார்கள் என்று பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் அறிந்தோம். எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, சோளகம் சொல்லித் தந்தது.

சைக்கிள் பெண்ணுக்குத் தந்தது போக்குவரத்து மட்டும் அல்ல, கைவேலையும் தந்தது. வீட்டில் அண்ணா இல்லாதவர்களும், அண்ணா வெளிநாடு போய்விட்டவர்களும் எல்லாவற்றையும் தாங்களே செய்யப் பழகினார்கள். எண்பத்து மூன்றுக்குப் பின்னர் அப்படிப்பட்ட வீடுகள் ஊருக்குள் நிறைய. ஒரு திருப்புளி, ஒரு சாவி, தட்டையாக்கிய இரண்டு கரண்டிக் காம்பு, ஒரு சட்டியில் தண்ணீர்: இவை இருந்தால் ரியூப்புக்கு ஒட்டுப் போடலாம். காற்றடித்த ரியூப்பைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக அமத்திக்கொண்டு போனால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, அரத்தாளால் சுரண்டி, சொலுசன் பூச வேண்டும். பூசியதும் ஒட்டக்கூடாது. கை வைத்தால் ஒட்டாத அளவுக்கு அது காய்ந்த பிறகுதான் ஒட்டை வைத்து அமத்த வேண்டும். அவசரப்பட்டவரின் ஒட்டு வீதியில் கழரும். ரியூப்பை உள்ளே வைக்கும் முன்னர் ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பது இன்னும் முக்கியம். முள் அங்கேயே இருந்தால் ஒட்டுப் போட்டு என்ன பயன்? கல்வீதிகளும் முள்வேலிகளும் உள்ள ஊரில் இந்தப் பாடம் அடிக்கடி நடந்தது. காற்று மெதுவாக இறங்குகிறது, ஆனால் குமிழி வரவில்லை என்றால் வால்வுக் கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் மேலுள்ள சிறு இறப்பர்க் குழாய் உக்கியிருக்கும்.

செயின் விடயத்தில் கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. சைக்கிள் செயினின் ஆணிக்கு ஆணி தூரம் சரியாக அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 இடைவெளி சேர்ந்தால் ஓரடி. கொம்பாஸ் பெட்டியோடு திரியும் அடிமட்டத்தைச் செயினில் வைத்து, ஓர் ஆணியின் நடுவைப் பூச்சியத்தில் பிடித்தால், 24 ஆவது இடைவெளி முடியும் ஆணி 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் அந்தச் செயின் முடிந்தது. அதற்குமேல் ஓடினால் பற்சில்லையும் பிறீவீலையும் அது தின்னும். மூன்றையும் மாற்றும் செலவை விட ஒரு செயின் மலிவு. செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சொல்வோமே தவிர உண்மையில் தகடு நீளுவதில்லை, ஒவ்வோர் ஆணியும் அதன் துளையும் தேய்ந்து ஏற்படும் இடைவெளிகள் கூடித்தான் அந்த எட்டில் ஒரு பங்கு. கணித வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கூட்டல் தொடரை இன்னும் பலருக்குப் பிடித்திருக்கும்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு முறை உண்டு. செயினுக்கு வெளியே எண்ணெய் மினுங்கினால் மண் ஒட்டும், வெள்ளைச் சட்டையும் போகும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு பொருத்திலும் ஒரு துளி விட்டு, சில சுற்றுச் சுற்றி, பிறகு வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். உழக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று கேட்டால் அது பெடல் தண்டைப் பிடிக்கும் கொட்டர் பின் தளர்ந்த சத்தம். உடனே இறுக்காவிட்டால் பின் தேய்ந்து, தண்டும் பழுதாகும். இவை எல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. சைக்கிள் கொட்டிலில், இடைவேளையில், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தவை. சைக்கிள் கடை ஐயாமார் முதலில் “பிள்ளை, தள்ளி நில்லுங்கோ” என்றார்கள். சில வருடங்களில் சாவியை எங்கள் கையிலேயே தந்தார்கள்.

1990 ஆம் ஆண்டு ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கிய பின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளும் பற்றரியும் இன்னும் பல பொருட்களும் தடையாயின. மண்ணெண்ணெய் பொன் விலை. கார் வைத்திருந்தவர்கள் துளி பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடினார்கள், அதுவும் அவசரத்துக்கு மட்டும். மற்றெல்லாம் சைக்கிள். வைத்தியர் சைக்கிளில், மணப்பெண் சைக்கிளில், நோயாளி சைக்கிளில், விறகு சைக்கிளில். அதிபரும் மாணவியும் ஒரே எதிர்க்காற்றில் உழக்கிய காலம் அது. வகுப்பில் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த இடைவெளி வீதியில் அவ்வளவாக இல்லை.

ரயர் தேய்ந்து நூல் தெரிந்தால், இன்னொரு பழைய ரயரின் துண்டை உள்ளே வைத்து ஓடினோம். வெடித்த ரயரைத் தடித்த நூலால் தைத்தோம். ஒட்டின்மேல் ஒட்டு விழுந்து ரியூப்பின் சொந்த நிறமே தெரியாமற் போனது. எண்ணெய் இல்லாத நாட்களில் தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் உண்டு. சில நாட்களுக்கு நன்றாக ஓடும், பிறகு பசைபிடித்துச் செயின் முழுவதும் செம்மண் ஏறும். விமானச் சத்தத்தைச் சைக்கிளில் போகிறவர் மோட்டார்ச் சைக்கிளில் போகிறவருக்கு முன்னதாகவே கேட்பார். கேட்டதும் சைக்கிளை விட்டுவிட்டு மதகுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் பாய்வோம். திரும்பி வந்து ஹான்டிலை முழங்காலுக்கு நடுவில் பிடித்து நேராக்கிக்கொண்டு மறுபடி ஓடுவோம்.

டைனமோவைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆண்டுகளைச் சொல்ல முடியாது. ரயரில் உரசிச் சுழலும் அந்தப் போத்தல் டைனமோ 6 வோல்ற், 3 வாற். நான்கு பற்றரி போடும் வானொலிக்கும் அதே 6 வோல்ற்தான். வித்தியாசம் என்னவென்றால் டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது நேரோட்டம். உயர்தரப் பௌதிகவியலில் இருவாயி, சீராக்கல் என்று படித்ததை வீட்டு விறாந்தையில் செய்து பார்த்த தலைமுறை எங்களுடையது. இரவு ஒன்பதரை மணியளவில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்பார்கள். சுற்றுகிறவர் செய்தியில் மனம் போய்க் கையைத் தளர்த்தினால் அறிவிப்பாளரின் குரல் அடங்கும், வீடே கத்தும். செய்தி முடிந்தபின் ஜாம் போத்தல் விளக்கின் திரியைத் தணித்துவிட்டு நாளைய பாடத்தைப் படிப்போம். அந்த ஆண்டுகளிலும் இக்கல்லூரியிலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிள்ளைகள் போனார்கள் என்பதை மற்றக் கட்டுரைகள் சொல்லும். எதில் உழக்கிப் போனார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கிப் போனது. சில இலட்சம் சனங்கள், ஓர் இரவு, மழை. கண்டி வீதியில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த அந்தக் கூட்டத்தில் சைக்கிளை ஓட இடம் இருக்கவில்லை. உருட்டினோம். ஹான்டிலில் பைகள், கரியரில் அம்மம்மா, பாரில் தம்பி, கூடையில் சான்றிதழ்கள். பலருடைய சாதாரண தரச் சான்றிதழ் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் நீர்க்கறையோடு இருக்கிறதென்றால் அது அந்த இரவின் மழை. 1996 சித்திரைக்குப் பின் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வன்னிக்குப் போனார்கள். அங்கிருந்து உலகெங்கும் போனார்கள்.

திரும்பி வந்த ஆண்டிலே, 1996 செப்ரெம்பர் 7 ஆம் திகதி, எமது அயற் கல்லூரியான சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி உயர்தரப் பரீட்சையின் இரசாயனவியல் வினாத்தாளை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் அவரை மறித்தனர். அவருக்கு வயது 18. அவர் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும், தம்பியும், அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 1998 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. எமது மலரில் இதை எழுத வேண்டுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வீதியைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் விட எனக்கு முடியவில்லை. அந்த மாதம் எத்தனையோ வீடுகளில் சைக்கிள் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டது. படிப்பை அதோடு நிறுத்திய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் வகுப்புப் பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குப் பின் வரவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் ஓடினார்கள். தனியே ஓடவில்லை, ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து ஓடினார்கள். யார் எந்த ஒழுங்கையில் பிரிவது, கடைசியாகத் தனியே போகும் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதைப் பிள்ளைகளே ஒழுங்கு செய்தார்கள். சில ஆசிரியைமார் தங்கள் வழியை மாற்றிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் வந்தார்கள். ஒழுங்கை முகப்பில் தாய்மார் நின்றார்கள். சாவடிகளில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். இரண்டு மைலுக்குள் மூன்று முறை இறங்கி ஏறிய பிள்ளைகளுக்கு முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்ததற்காக ஏசின ஆசிரியை எவரையும் நான் அறியேன். பல ஆண்டுகள் இப்படிப் போனது. 2002 இல் ஏ9 பாதை திறந்து 2006 இல் மறுபடி மூடப்பட்டது. கொட்டிலில் சைக்கிள் குறையவில்லை.

சைக்கிள் குறைந்தது யுத்தம் முடிந்த பிறகுதான். 2009 இற்குப் பின் லீசிங் கம்பனிகள் வந்தன, ஸ்கூட்டி வந்தது. ஆசிரியைமார் முதலில் மாறினார்கள், பிறகு உயர்தர மாணவியர். வெயிலில் உழக்கி அலுத்துப் போனவர்கள் மாறியதை நான் குறைசொல்ல மாட்டேன். கொட்டிலின் பாதி ஸ்கூட்டிகளுக்கானது. 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோது தாய்மார் கோடிப்புறத்தில் கிடந்த லுமாலாக்களை இழுத்து வெளியே எடுத்தார்கள். சைக்கிள் கடைகளில் வரிசை. புதிய சைக்கிளின் விலை சொல்லித் தாளாது. அப்போது பல வீடுகளில் ஒட்டுப் போடத் தெரிந்திருந்தது அம்மாவுக்குத்தான், அப்பாவுக்கல்ல. மகள் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கடல் கடந்த தங்கைமார் பலர் அங்கே மீண்டும் சைக்கிளில் வேலைக்குப் போவதாக எழுதுகிறார்கள். எந்தச் சைக்கிள் வாங்குவது, என்ன சாமான் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டதால் சொல்கிறேன். கடையில் மினுங்குவதைப் பார்க்க வேண்டாம். நிமிர்ந்திருந்து ஓடக்கூடியதா, இலகுவாகக் காலை உள்ளே விட்டு ஏறக்கூடியதா, மட்காட், செயின் கவர், கரியர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத சைக்கிளை மலிவென்று வாங்கிப் பின்னர் ஒவ்வொன்றாகப் பூட்டினால் மலிவு போய்விடும். சீற் உயரத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டுமென்று சீற்றைப் பதித்து ஓடியதால்தான் எங்கள் முழங்கால்கள் இன்று முறைப்பாடு செய்கின்றன. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரம்தான் சரி. மேடுள்ள நகரமானால் சில்லுக் குடத்துக்குள் மூடியிருக்கும் கியர் நல்லது. மழைக்கும் சேற்றுக்கும் பராமரிப்புக் குறைவு. கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு செயினுக்கு எமன். ஓடிவந்ததும் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடாவிட்டால் ஒரு கிழமையில் சிவந்துவிடும். பல கியர் உள்ள சைக்கிளில் செயினைச் சற்று முன்னதாகவே மாற்ற வேண்டும்: ஓரடியில் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே போதும். அடிமட்டம் அங்கேயும் அதே அடிமட்டம்தான்.

ஹெல்மெற் அவுஸ்திரேலியாவில் எல்லோருக்கும் சட்டம். ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் போடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் அது இருக்க வேண்டும், பிடரியில் சரியக்கூடாது. உச்சியில் கொண்டை போட்டால் அது பொருந்தாது; தாழப் பின்னிக்கொண்டால் சரி. ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மெற்றை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். பிரித்தானியாவில் இருட்டினால் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு வெளிச்சம் சட்டப்படி வேண்டும். எங்கள் காலத்தில் டைனமோவை அமத்தினால் உழக்கப் பாரமாக இருக்குமென்று பொலிசைக் கண்டால் மட்டும் அமத்துவோம். இப்போதைய சில்லுக் குட டைனமோ அவ்வளவு இழுக்காது. துப்பட்டாவும் சால்வையும் சில்லுக்குப் பக்கத்தில் தொங்கவே கூடாது. இதை ஒரு முறைக்கு இரு முறை சொல்லலாம்.

கல்லூரியின் இப்போதைய கொட்டிலைப் பெருப்பிக்கச் சங்கத்தின் கொழும்புக் கிளையும் வெளிநாட்டுக் கிளைகளும் யோசிப்பதாக அறிகிறேன். பெருப்பிக்கும்போது காற்றடிக்கும் பம் ஒன்றும், சாவிகள் தொங்கும் பலகையும், தண்ணீர்த் தொட்டி ஒன்றும் ஒரு மூலையில் வைத்தால் அதிகச் செலவு வராது. பழைய கொட்டிலின் புகைப்படம் சங்கத்திடம் ஒன்றுகூட இல்லை. விளையாட்டுப் போட்டிப் படங்களின் பின்னணியில், பிரியாவிடைப் படங்களின் ஓரத்தில், யாரிடமாவது அது தற்செயலாக விழுந்திருக்கக்கூடும். அல்பங்களைத் திறக்கும்போது முகங்களுக்குப் பின்னாலும் ஒருமுறை பாருங்கள். கிடைத்தால் பிரதி ஒன்றை ஆண்டைக் குறித்துச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.